மூக்கு இல்லாத டீமேக்கரும் இருபத்திரண்டு புகையிலைச் செடிகளும்

1. பதினாறு மணி நேரம்

என் முதல் புகையிலை அறுவடை பதினாறு மணி நேரத்தில் வீணாய்ப் போனது. பூச்சி தின்னவில்லை, காட்டெருமை மிதிக்கவில்லை. நானேதான் கெடுத்தேன். அதுவும் முப்பத்தாறு வருடத் தொழில் அனுபவத்தை வைத்துக் கெடுத்தேன்.

குன்னூருக்குக் கீழே, இலையை உருட்டித் தேயிலையாக்கும் ஓர் ஆர்த்தடாக்ஸ் ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பச்சைக் கொழுந்து வந்து இறங்கியதிலிருந்து தேயிலையாகி மூட்டை ஏறும்வரை எல்லாம் டீமேக்கர் பொறுப்பு. கொழுந்தை வாட்ட வேண்டும், ரோலரில் உருட்ட வேண்டும், பரப்பிப் புளிக்கவிட வேண்டும், சரியான நிமிடத்தில் டிரையருக்கு அனுப்பி அந்தப் புளிப்பை நிறுத்த வேண்டும். இத்தனை வருடம் இதையே செய்தவன் கையில் எந்த இலையைக் கொடுத்தாலும் முதலில் வாட்டத்தான் பார்ப்பான்.

வீட்டுக்குப் பின்னால் ஒன்பது சுருட்டுப் புகையிலைச் செடி வளர்த்திருந்தேன். ஒவ்வோர் இலையும் முறம் அகலம். பறித்த அறுபது இலையை என்ன செய்வது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பழைய கட்டில் சட்டத்தில் கொசுவலையைக் கட்டி, அடியில் டேபிள் ஃபேனையும் ரூம் ஹீட்டரையும் வைத்தேன். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற அதே விதரிங் ட்ரஃப், கட்டில் அளவில். சாயங்காலம் இலையைப் பரப்பினேன். பதினாறு மணி நேரம் என்பது கொழுந்துக்கு எங்கள் ஃபேக்டரிக் கணக்கு. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் இலை அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. நிறம் மட்டும் செடியில் இருந்த அதே பச்சை. எல்லா இலையும் ஒரே சீராகக் காய்ந்திருந்ததில் எனக்குப் பெருமை வேறு. போட்டோ எடுத்து, விதை கொடுத்த காளியப்பனுக்கு அனுப்பினேன். எங்கள் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்துவிட்டு வேடசந்தூர் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர் அவர். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

"என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நல்லா வாடியிருக்குல்ல?"

"வாடலண்ணே, செத்தே போச்சு. இதென்ன தேயிலையா? பறிச்ச பொறகும் ஒரு மாசம் ஒன்றரை மாசம் நெழல்ல தொங்கி, உசுரோட இருந்து பழுக்கணும். மஞ்சளாகணும், அப்புறம் செவக்கணும். அவசரமாக் காய வெச்சா பச்சை அப்படியே நின்னுரும். இனி அதை ஒண்ணும் பண்ண முடியாது."

போனை வைத்துவிட்டு அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சரோஜா வெளியே வந்து, ஓர் இலையை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ரிட்டயர் ஆயாச்சுன்னு இந்த ஃபேனுக்குச் சொல்லலையா நீங்க?" என்றாள்.

2. புகைக்காதவனுக்கு எதற்குப் புகையிலை

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நான் வாழ்க்கையில் ஒரு பீடி பிடித்ததில்லை. சரோஜாவின் அப்பா புகையிலை போட்டே தாடையில் புற்று வந்து இறந்தவர். அதனால் விதை வந்த அன்றே அவள் சட்டம் போட்டுவிட்டாள். "வளத்துங்க, வேண்டாங்கல. ஆனா இந்த ஊட்டுல ஒருத்தரும் பத்த வெக்கக் கூடாது, வாயில போடக் கூடாது." நானும் சரி என்றேன். இன்றுவரை அந்தச் சட்டம் மீறப்படவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது இலைதான். காளியப்பன் பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்ன விஷயம் மண்டைக்குள் புகுந்துகொண்டது. தேயிலையைப் பரப்பி வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் புளித்து முடிந்துவிடும். சுருட்டு இலையும் புளிக்குமாம், ஆனால் வாரக்கணக்கில், தன் சூட்டிலேயே வெந்து. கும்பியின் நடுவில் கை வைக்க முடியாதாம். கும்பி என்றால் உலர்ந்த இலையை அடுக்கிய குவியல். அங்கே மணி நேரம், இங்கே மாதம். அந்த நேரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது? இதைக் கேட்டபின் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

அவர்கள் வீட்டில் அந்தப் புகையிலைக்குப் பெயர்கூட இல்லை, "நம்ம புகையிலை" என்றுதான் சொல்வார்களாம். தாத்தா காலத்திலிருந்து வீட்டுச் சுருட்டுக்கென்று ஒரு பாத்தி மட்டும் போட்டு, ஒரு செடியைப் பூக்கவிட்டு விதை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்தார். டப்பாவைத் திறந்தபோது மூக்குப்பொடி என்று நினைத்தேன். அத்தனை பொடி விதை.

இதெல்லாம் முதல் காரணம். இரண்டாவது காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. அது என் மூக்கு.

3. சுவரில் சாய்ந்த பலகை

டீமேக்கருக்குச் சொத்து மூக்குதான். உருட்டிய இலையைத் தரையில் பரப்பியதும் பச்சைப் புல் வாசம் அடிக்கும். நேரம் போகப் போக அது மாறி, பழ வாசம் போல ஒன்று எழும்பும். அது உச்சிக்கு வந்து இறங்குவதற்குள் டிரையருக்கு அனுப்பிவிட வேண்டும். பத்து நிமிடம் முந்தினால் டீ கசக்கும், பிந்தினால் சப்பென்று போகும். கடிகாரம் பாதி சொல்லும், மீதியை மூக்குதான் சொல்ல வேண்டும். குன்னூர் ஏலத்தில் எங்கள் தேயிலைக்கு நல்ல பெயர். அதில் என் மூக்குக்கும் பங்கு உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை.

எல்லாருக்கும் வந்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது, வாசனை திரும்பவில்லை. பெருங்காயமும் தெரியவில்லை, பெட்ரோலும் தெரியவில்லை. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனேன்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். இலையைப் புளிக்கவிடும் ஃபெர்மெண்டிங் ரூமில் இலை பரப்புகிற வேலை பாக்கியத்துக்கு. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். அப்பா அம்மா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள், அந்தப் பேச்சு கொஞ்சம் இவர் நாக்கிலும் உண்டு. நான் வழக்கம்போல ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துவிட்டு, "சரி, ஃபயர் பண்ணுங்க" என்றேன். டிரையருக்கு அனுப்பலாம் என்று அர்த்தம்.

பாக்கியம் நகரவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, இன்னும் பச்சை வாடை போகலைங்களே."

நான் மறுபடி அள்ளி மோந்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நா சொல்றேங்கய்யா. பதம் வந்ததும் இந்தப் பலகையைச் சொவத்துல சாச்சு வெக்கிறேன். நீங்க வந்து மோந்து பாக்குற மாதிரி பாருங்க."

இலை பரப்புகிற மரப்பலகை அது. அந்த ஒன்றரை வருடமும் அப்படித்தான் நடந்தது. பலகை சுவரில் சாயும், நான் போவேன், அள்ளுவேன், கண்ணை மூடி மோப்பேன், தலையை ஆட்டுவேன். ரெஜிஸ்டரில் கையெழுத்து என்னுடையது. ஏலத்தில் பெயர் கொஞ்சமும் குறையவில்லை, ஒரு சீசனில் கூடவும் செய்தது. வழியனுப்பு விழாவில் சால்வை போட்டு, "இப்படி ஒரு மூக்கு இனி எங்களுக்குக் கிடைக்காது" என்று மேனேஜர் பேசினார். பாக்கியம் கடைசி வரிசையில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன். அன்றே அந்த மேடையில் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. மூக்கின் துணையில்லாமல் ஓர் இலையையாவது நானே பதம் பார்த்துவிட வேண்டும் என்ற வீம்புதான் புகையிலைக்கு இரண்டாவது காரணம்.

4. ஈர இலை

முதல் வருடத் தோல்விக்குப் பிறகு இரண்டாம் வருடம் ஒழுங்காக ஆரம்பித்தேன். பிப்ரவரியில் விதை. மேலே மண் போட்டு மூடினால் முளைக்காது, வெளிச்சம் பட வேண்டும். மேலே தண்ணீர் தெளித்தால் விதை அடித்துக்கொண்டு போகும், ட்ரேயைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும். எங்கள் குளிருக்கு ட்ரேயை எங்கே வைப்பது? சரோஜாவின் அடுப்புக்கு மேலே ஒரு பலகை அடித்து வைத்தேன். பதினோராம் நாள் பச்சையாக ஊசிமுனை போலக் கிளம்பியது. லென்ஸ் வைத்துப் பார்த்து எண்ணுவேன், தினமும் எண்ணிக்கை மாறும்.

ஏப்ரலில் இருபத்திரண்டு செடி நட்டேன். நத்தை நாலு செடியைப் பாதி தின்றது, ஆனாலும் தழைத்துவிட்டது. குரங்கு ஒன்று இலையைக் கிழித்து வாயில் வைத்துத் துப்பிவிட்டுப் போனது, அப்புறம் அந்தக் கூட்டமே வரவில்லை.

பாக்கியம் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார். கூலிக்கு இல்லை, அவருக்கும் இந்த இலை ஒரு புதிர். மொட்டு வந்ததும் கிள்ளிப் போடச் சொன்னேன், இலைக்குச் சத்து ஏறட்டும் என்று. விதைக்கு ஒரு செடியை மட்டும் விட்டுவிட்டு, தேனீ வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவராதபடி பூவுக்கு வெள்ளைத் துணிப் பை கட்டினோம்.

"என்னங்கய்யா இது, தேயிலைல மேல இருக்கிற குருத்தைப் பறிச்சுட்டு அடி இலையை விட்டுருவோம். இங்க குருத்தை வீசிட்டு அடியில இருந்து பறிக்கணுங்கிறீங்க" என்று சிரித்தார்.

அடி இலை முதலில் பழுக்கும். ஓரம் வெளுத்து, மஞ்சள் திட்டு விழும், ஒடித்தால் டக்கென்று ஒடியும். ஜூலையில் ஒரு ஞாயிறு அந்தப் பதம் வந்தது. காலை ஏழு மணி, மூடுபனி இறங்கி இலையெல்லாம் சொட்டுகிறது. தேயிலைக்காரனுக்கு ஈரம் ஒரு பொருட்டா? மழையிலும் கொழுந்து பறித்த கைகள். பாக்கியம் ஒடித்து ஒடித்து இடது கையில் மார்போடு அணைத்து அடுக்கினார். ரவிக்கை, கை எல்லாம் இலைத் தண்ணீர். நான் வாங்கி வாங்கி நிழலில் வைத்தேன்.

ஒன்பது மணிக்கு அவர் படியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. "தலை சுத்துதுங்கய்யா" என்றவர் அப்படியே வாந்தி எடுத்தார். சரோஜா ஓடி வந்து பிடித்தாள். ஆட்டோ பிடித்துக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கும் வழியெல்லாம் குமட்டல்.

பெண் டாக்டர் என் கையில் ஒட்டியிருந்த கறுப்புப் பிசினைப் பார்த்தார். "பச்சைப் புகையிலையை ஈரத்தோட தொட்டீங்களா? அந்தத் தண்ணில நிக்கோட்டின் கரைஞ்சு தோல் வழியா ஏறிடும். ஒரு சிகரெட்டும் பிடிக்காமலே நஞ்சு." ஈரத் துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் பாக்கியம் தெளிந்துவிட்டார். வெயில் வந்து இலை காய்ந்த பிறகு, முழுக்கைச் சட்டையும் உறையும் போட்டுத்தான் பறிக்க வேண்டுமாம். காளியப்பனைக் கேட்டால், "எங்க ஊர்ல ஏதுண்ணே இத்தனை பனி" என்கிறார்.

அன்று கட்டிலில் படுத்துக்கொண்டே பாக்கியம் ஒன்று சொன்னார்.

"ஐயா, அடுத்த மாசத்துல இருந்து பொம்பளைங்களை ஃபேக்டரிய விட்டு மலைக்கு அனுப்புறாங்க. ஃபெர்மெண்டிங் ரூமுக்குப் படிச்ச ஆள் போடுவாங்களாம். எனக்கு முட்டி ஏலாதுங்கய்யா, சரிவுல ஏறி இறங்க முடியாது. நீங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

மலை என்றால் கொழுந்து பறிக்கிற காடு. கூடை சுமந்து நாள் முழுக்கச் சரிவில் நிற்க வேண்டும்.

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? நன்றாக வேலை செய்கிறவர் என்று பொதுவாகச் சொன்னால் மேனேஜர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். அவர் மூக்கைப் பற்றிச் சொன்னால் என் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் பாக்கியம் மலைக்குப் போனார். முட்டிக்குத் துணி கட்டிக்கொண்டு ஏறுவதை என் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கலாம். நான் அந்த நேரத்தில் பின்பக்கம் போய்விடுவேன்.

5. சூடான ஃப்ரிட்ஜ்

இந்த முறை ஃபேன் இல்லை. விறகுக் கொட்டகையில் நூலில் கோத்துத் தொங்கவிட்டேன். இலை மெல்ல மெல்ல மஞ்சளானது, எலுமிச்சை மஞ்சள். பிறகு நுனியிலிருந்து பழுப்பு இறங்கியது. ஒரு நாள் போல இன்னொரு நாள் இல்லை. நடுநரம்பில் பூஞ்சணம் வந்தால் துடைத்து இடம் மாற்றினேன். சமவெளிக்காரர்கள் காய்ந்த இலையைத் தொடுவதற்குப் பனி இறங்குமா என்று காத்திருப்பார்களாம், இல்லையென்றால் நொறுங்கிவிடும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கொட்டகைக் கதவைத் திறந்து வைத்தால் மூடுபனி வந்து இலையைத் துணி போல ஆக்கிவிட்டுப் போகும். இந்த ஊரில் பனியால் ஒரு லாபம் கண்டது அப்போதுதான்.

புளிக்கவைப்பதில்தான் சிக்கல். கும்பி தானாகச் சூடேற மூட்டைக் கணக்கில் இலை வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு பெட்டி. யோசித்து யோசித்து, கெட்டுப்போன எங்கள் பழைய ஃப்ரிட்ஜை எடுத்தேன். குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டையும் வெளியே விடாது அல்லவா? உள்ளே ஒரு சின்ன ஹீட்டர், அதை ஐம்பது டிகிரியில் நிறுத்த குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு விற்கிற தெர்மோஸ்டாட், ஈரத்துக்கு ஒரு பாத்திரம் தண்ணீர். அடி இலைக் கட்டுக்கு வெள்ளை நூல், நடு இலைக்குச் சிவப்பு, கெட்டியான உச்சி இலைக்குக் கறுப்பு. சரோஜா பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜை அடுப்பாக்குன ஆளு ஊருக்குள்ள நீங்க ஒருத்தருதான்" என்றாள்.

நாலாம் நாள் கதவைத் திறந்தேன். மூக்குக்குள் ஊசி குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அப்படியே நின்றேன். மறுபடி மூடித் திறந்தேன், மறுபடி குத்தியது. மூன்று வருடமாக என் மூக்குக்குள் எதுவுமே நடந்ததில்லை. சரோஜாவைக் கூப்பிட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "அய்ய, மாட்டுக்கொட்டாய் மூத்திர நாத்தம்" என்றாள். எனக்கு நாற்றம் தெரியவில்லை, எரிச்சல் மட்டும் தெரிந்தது. அதற்கே அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் அதே பெண் டாக்டரிடம் கேட்டேன். வாசனைக்கு ஒரு நரம்பு, எரிச்சலுக்கு வேறொரு நரம்பு என்றார். இலையிலிருந்து அமோனியா வெளியேறுகிறது, அது கிளப்புவது இரண்டாவது நரம்பை. முதல் நரம்பு போனாலும் அது வேலை செய்யுமாம்.

எனக்குப் புதுத் தொழில் கிடைத்த மாதிரி ஆயிற்று. காலையில் கதவைத் திறந்து எரிச்சலுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதினேன். ஏழு, எட்டு, ஒன்பது, ஒன்பது, ஆறு. இலை உள்ளிருக்கும் காரத்தை விட்டு முடித்தால் பூஜ்ஜியம் வரும், அதுதான் பதம் என்று கணக்குப் போட்டேன். மூக்கு இல்லாமலே ஓர் இலையைப் பதம் பார்த்துவிடலாம் என்று எனக்கு உள்ளூர ஒரு திமிர். நவம்பர் மழையில் மரம் விழுந்து ஐந்து நாள் கரண்ட் இல்லை. ஆறாம் நாள் திறந்தேன், பூஜ்ஜியம். முடிந்தது என்று எல்லாக் கட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டேன்.

6. ஒரு வார்த்தை

டிசம்பரில் ஒரு ஞாயிறு மேனேஜர் வீட்டுக்கு வந்தார். கோயமுத்தூர்க்காரர், நாற்பது வயதுக்குள்தான், எதையும் நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர். ஃப்ரிட்ஜைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாக்கியம் அப்போது கொட்டகையில் உட்கார்ந்து, முட்டியை நீட்டியபடி இலை நரம்பை உரித்துக்கொண்டிருந்தார். மேனேஜரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், சுவரைப் பிடித்து ஏறி நின்றார்.

மேனேஜர் வெள்ளை நூல் கட்டை எடுத்து மோந்தார்.

"சார், கொக்கோ மாதிரி வாசம் வருதுங்க. இதெல்லாம் உங்க மூக்குக்குத்தான் ஆகும். நா வந்ததே அதுக்குத்தான். புதுசாப் போட்ட பையன் படிச்சவன், ஆனா பதம் பிடிபட மாட்டேங்குது. ஏலத்துல ரெண்டு தடவை திட்டு வாங்கியாச்சு. வாரத்துல ரெண்டு நாள் நீங்க வந்து மோந்து சொன்னாப் போதும்."

பாக்கியம் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முட்டியைப் பார்த்தேன். துணிக்கட்டு அழுக்காகி இருந்தது.

"எனக்கு வாசனை தெரியாதுங்க" என்றேன்.

"புரியலைங்க சார்."

"காய்ச்சல் வந்ததுல போயிருச்சு. கடைசி ஒன்றரை வருஷம் நான் மோந்தது பூரா நடிப்பு. பதம் சொன்னது இவங்க. பலகையைச் சொவத்துல சாப்பாங்க, நான் போய் ஃபயர்னு சொல்லுவேன். நீங்க சால்வை போட்டீங்களே, அது இவங்க மூக்குக்குப் போட்டிருக்கணும்."

சரோஜா கொண்டுவந்த டீயை மேனேஜர் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் வைத்திருந்தார். சரோஜாவுக்கும் இது புதுச் செய்திதான். பெருங்காயம் போட்ட ரசத்தை மூன்று வருடமாக "நல்ல மணம்" என்று சொல்லிக் குடித்தவனை அவள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"ஐயா" என்றார் பாக்கியம். குரலில் கோபம். "நா கேட்டது ஒரு வார்த்தை. நீங்க மூட்டையவே அவுத்துக் கொட்டிட்டீங்களே. ஏமாத்துனதுல நானும் கூட்டுன்னு சொல்ல மாட்டாங்களா?"

மேனேஜர் டீயை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று நூல் கட்டுகளையும் எடுத்துப் பாக்கியம் முன் வைத்தார். "இதை மோந்து சொல்லுங்க பாக்கியம்."

பாக்கியம் கையை முந்தானையில் துடைத்தார். வெள்ளைக் கட்டை மோந்து, "ஆயிருச்சுங்க" என்றார். சிவப்பும் அப்படியே. கறுப்பை மோந்துவிட்டுத் திருப்பி, கட்டின் நடுவைப் பிரித்து மறுபடி மோந்தார்.

"இது ஆகலைங்க. அடியில மூத்திர வாடை ஒளிஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு வாரமாச்சும் வேகணும்."

மேனேஜர் மோந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். நான் என் நோட்டைக் காட்டினேன், பூஜ்ஜியம். பாக்கியம் நோட்டைப் பார்க்கவில்லை. "ஆகலைங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் போன பிறகு கறுப்புக் கட்டைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடேற்றினேன். இரண்டாம் நாள் கதவைத் திறந்ததும் மூக்கில் ஊசி குத்தியது. எட்டு. அப்போதுதான் உறைத்தது. ஐந்து நாள் கரண்ட் இல்லாமல் பெட்டி குளிர்ந்திருக்கிறது, அதனால் எரிச்சல் நின்றிருக்கிறது. நின்றதை நான் முடிந்தது என்று எழுதிவிட்டேன். உடனே மேனேஜருக்கு போன் செய்து, "அவங்க சொன்னது சரிங்க, என் நோட்டுத்தான் தப்பு" என்றேன். மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது.

7. ஃபெர்மெண்டிங் ரூமில்

பொங்கல் கழிந்து பாக்கியம் ஃபேக்டரிக்குத் திரும்பினார், ஃபெர்மெண்டிங் சூப்பர்வைசராக. அந்தப் படித்த பையன் அவருக்குக் கீழே. அவனும் நல்ல பையன்தான், நேரத்தை எழுதி, வாடையைக் கேட்டுக் கேட்டு இன்னொரு நோட்டுப் போட்டிருக்கிறானாம். மேனேஜர் என்னையும் ஒருநாள் வரச் சொன்னார். விருந்தாளியாக வாசலில் நின்றேன்.

இலை பரப்பியிருந்தது. பாக்கியம் நடந்து நடந்து அள்ளி மோந்தார். ஓர் இடத்தில் நின்றார். கையிலிருந்த பலகையைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலைப் பார்த்தார். பழக்கம்.

நான் அசையவில்லை. ஒரு விநாடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அவர் பலகையைத் திரும்பக் கையில் எடுத்து, டிரையர் பக்கம் திரும்பி, "ஃபயர் பண்ணுங்க" என்றார். என்னைவிடக் குரல் கனமாகவே இருந்தது. ரெஜிஸ்டரைக் கொண்டுவந்தார்கள், நேரத்தை எழுதி அதில் தன் பெயரைப் போட்டார். அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உச்சி இலை அந்த இரண்டு வாரத்தில் முடிந்தது. முடிந்துவிட்டது என்று பாக்கியம்தான் சொன்னார். இலையெல்லாம் காளியப்பனுக்கு பார்சல் போய்விட்டது. விதைக்கு விட்ட செடியின் விதை அதே மாத்திரை டப்பாவில் சரோஜாவின் அடுப்புக்கு மேலே இருக்கிறது.

தேயிலைத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்டால், வாடல் கணக்கு, புளிப்புக் கணக்கு எல்லாம் சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. உங்களால் முடியாமல் போனது எதுவோ அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் அவமானம் என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். சொன்ன பிறகு எனக்கு ஒரு குறையும் வரவில்லை. நான் தள்ளிப்போட்ட நாலு மாதமும் பாக்கியம் முட்டிக்குத் துணி கட்டிக்கொண்டு மலை ஏறினார்.